லேய்சான் வாத்து: 42 பறவைகளைக் கப்பலேற்றியது சரியா?

கடல்நாரை · ஞாயிறு, காலை 7:10

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் வேறொரு இழையில் "தீவுப் பறவையைப் பிடித்து இன்னொரு தீவில் விடலாமா" என்று பேச்சு எழுந்து பாதியில் நின்றுவிட்டது. அதை இங்கே தொடர்வோம். எனக்குப் பல வருஷமாக மனசில் ஒட்டிக்கொண்ட ஒரு வாத்தை வைத்தே தொடங்குகிறேன்.

ஹவாயின் தலைநகர் ஹோனலூலுவிலிருந்து வடமேற்கே சுமார் 1,500 கி.மீ. போனால் லேய்சான் என்று ஒரு மணல் தீவு வரும். பரப்பு ஏறக்குறைய 4 சதுர கி.மீ. நடுவில் ஓர் ஏரி. அதன் தண்ணீர் கடல் தண்ணீரை விடவும் உப்பு. அந்த ஏரியைச் சுற்றித்தான் லேய்சான் வாத்தின் வாழ்க்கை. நம் ஊர் வளர்ப்பு வாத்தை விடச் சிறியது, தவிட்டு நிறம், கண்ணைச் சுற்றி மை தீட்டுவதற்குப் பதில் சுண்ணாம்பு தீட்டியது போல வெள்ளை.

அது இரை தேடுகிற விதத்தை ஒரு காணொளியில் பார்த்தேன், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. ஏரிக்கரை ஈரமணலில் உப்புநீர் ஈக்கள் கருப்புப் பாய் விரித்தது போல அப்பிக் கிடக்கின்றன. வாத்து கழுத்தை முன்னால் நீட்டித் தரையோடு தாழ்த்துகிறது. அலகைத் திறந்துகொண்டு கரையோரமாக ஒரே ஓட்டம். ஈக்கூட்டம் குப்பென்று எழும்ப, அலகு படபடவென்று மூடித் திறக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி நின்று, திரும்பி, மறுபடி ஓட்டம். நீந்துகிற பறவை என்றுதான் வாத்தை நினைத்திருந்தேன். இது ஓடிச் சாப்பிடுகிற வாத்து.

1903இல் அந்தத் தீவில் முயல் கொண்டுவந்து விட்டார்கள். பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டியெடுத்த காலம் அது. அங்கே பொறுப்பிலிருந்த மாக்ஸ் ஷ்லெம்மர் என்பவருக்கு முயல் இறைச்சி வியாபாரம் செய்யும் எண்ணம். தின்ன ஆளில்லாத முயல் பெருகித் தீவின் பச்சையை முழுக்க மேய்ந்து தீர்த்தது. 1911, 12 வாக்கில் வாத்துகளை எண்ணியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் அகப்படவில்லை. உலகத்தில் இருந்ததே அவ்வளவுதான்.

1923இல் டானேஜர் கப்பலில் போன ஆய்வுக் குழு கடைசி முயல்களை ஒழித்தது. அதற்குள் தீவு பாலைவனம். லேய்சான் தேன்பறவையில் மூன்றே மூன்று மிஞ்சியிருந்தன. குழு அங்கே இருந்தபோதே அடித்த மணற்புயலில் அவையும் போயின. வாத்து எப்படியோ தப்பியது.

பிறகு 2004லும் 2005லுமாக 42 வாத்துகளைப் பிடித்துக் கப்பலில் மிட்வே தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு அது சரியான முடிவு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், மறுப்பவர்கள் தயங்காமல் மறுக்கலாம்.

---

தென்னந்தோப்பு · ஞாயிறு, காலை 9:42

நான் மறுக்கிறேன் ஐயா. பறவைகள் மேல் அக்கறை இல்லாமல் இல்லை, இருப்பதால்தான்.

முயல் தின்று முடித்த தீவிலேயே பிழைத்துக் கிடந்த உயிர் அது. அதன் இடம் அதற்குத் தெரியும். மிட்வே என்பது அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த இடம். ஓடுபாதை, கட்டடம், எண்ணெய்த் தொட்டி என்று மனிதன் புரட்டிப் போட்ட மண். அங்கே கொண்டுபோய் விட்டார்கள், 2008இல் கூட்டம் கூட்டமாகச் செத்தன. லேய்சானிலேயே விட்டிருந்தால் அந்தச் சாவு நடந்திருக்காதே? நாம் ஒன்றைக் கெடுத்துவிட்டு, சரிசெய்கிறேன் என்று இன்னொன்றைக் கெடுக்கிறோம். முயலைக் கொண்டுபோனவரும் நல்ல யோசனை என்று நினைத்துத்தான் கொண்டுபோயிருப்பார்.

---

கடல்நாரை · ஞாயிறு, காலை 11:05

தோப்பு ஐயா, கடைசி வரி என்னை உட்காரவைத்துவிட்டது. ஆனாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, லேய்சான் அதன் பூர்வீகம் அல்ல, கடைசிப் புகலிடம். ஹவாயின் பெரிய தீவுகளில் எரிமலைக் குகைகளிலிருந்து வாத்து எலும்புகள் கிடைத்தன. சில கடற்கரையிலிருந்து வெகுதூரம், மேட்டுக் காட்டில். 1990களில் அந்த எலும்புகளின் மரபணுவை எடுத்துப் பார்த்தால் லேய்சான் வாத்தோடு பொருந்தியது. அதாவது ஒரு காலத்தில் ஹவாய் முழுக்க இருந்த பறவை. பாலினேசிய மக்கள் தோணியில் வந்து குடியேறியபோது கூடவே எலியும் வந்தது. தரையில் முட்டையிடுகிற, நடந்தே திரிகிற வாத்துக்கு எலி எமன். ஆபத்து வந்தால் இது பறப்பதில்லை, அசையாமல் உறைந்து நிற்கும். ஆகாயத்திலிருந்து வரும் எதிரிக்கு அது சரி, மோப்பம் பிடித்து வரும் எலிக்கும் பூனைக்கும்? எலி ஏறாத தீவு லேய்சான், அதனால் அங்கே மட்டும் மிஞ்சியது. வெள்ளத்தில் எல்லாம் போய் மொட்டைமாடியில் நிற்கிறவரைப் பார்த்து "மாடிதான் அவர் வீடு" என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, அந்த மாடியும் ஆடிக்கொண்டிருந்தது. 1993இல் வறட்சி. ஏரி சுண்டியது, ஈ குறைந்தது, இரைப்பையில் புழுநோய் வேறு. கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே வருஷத்தில் போனது. நல்ல காலத்திலேயே மொத்தம் ஐந்நூறை ஒட்டித்தான் இருக்கும். ஒரு புயல், ஒரு நோய், ஒரு கப்பல் தரைதட்டி அதிலிருந்து இறங்கும் நாலு எலி, கதை முடிந்தது.

---

மேய்ச்சல்காரர் மகன் · ஞாயிறு, மதியம் 1:30

2008 சாவு எதனால் என்று யாராவது விளக்குங்கள் அண்ணா. எங்கள் அப்பா விழுப்புரம் பக்கம் மேய்ச்சல் வாத்து வைத்திருந்தவர், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

---

கால்நடை நண்பர் · ஞாயிறு, மாலை 4:18

நான் கால்நடை மருத்துவன், சொல்கிறேன் தம்பி. அது போட்டுலிசம் என்கிற கிருமிநஞ்சு நோய், அதில் சி வகை நஞ்சு.

அந்தக் கிருமியின் விதை சேற்றில் எப்போதும் கிடக்கும், ஒன்றும் செய்யாது. வெயில் ஏறி, குட்டையில் தண்ணீர் குறைந்து, காற்றுப் புகாத இடத்தில் ஏதாவது செத்து அழுகினால் விழித்துக்கொள்ளும். செத்த உடம்பில் நஞ்சு சுரக்கும். அதில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். புழுவுக்கு அந்த நஞ்சு ஏறாது, ஆனால் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாத்து வந்து அந்தப் புழுவைப் பொறுக்கித் தின்னும். கொஞ்சம் தின்றாலே போதும். முதலில் கால் இழுக்கும், பிறகு இறக்கை தொங்கும், பிறகு கழுத்து நிற்காது. தண்ணீரில் இருந்தால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கியே சாகும். அந்த வாத்தில் மறுபடி புழு. ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். மிட்வேயில் அந்த வருஷம் நூற்றைம்பதுக்கும் மேல் செத்தன.

இதற்கு வேலை ஒன்றுதான்: பிணத்தைப் பொறுக்குவது. தினமும் ஒவ்வொரு குட்டையையும் சுற்றி நடந்து, புதருக்குள் கையை விட்டுத் துழாவி, ஒன்று விடாமல் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். வாத்து மட்டுமல்ல, செத்த ஆல்பட்ராஸ் கடற்பறவைக் குஞ்சு, எது கிடந்தாலும். படுத்துவிட்ட வாத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நஞ்சுமுறி ஊசி போட்டு, தண்ணீர் புகட்டிப் பிழைக்க வைக்கலாம். எல்லாமே நேரத்தைப் பொறுத்தது.

---

மேய்ச்சல்காரர் மகன் · ஞாயிறு, இரவு 8:55

நன்றி டாக்டர். படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது கோடையில் ஏரி வற்றிக் கலங்கலாகக் கிடந்தது. காலையில் பட்டி திறந்தால் ஆறேழு வாத்து எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருக்கிறது, என்னைப் பார்க்கிறது, கழுத்து மட்டும் துணி மாதிரி துவண்டு தரையில் கிடக்கிறது. தூக்கி மடியில் வைத்தால் தலை என் கையில் வந்து விழுந்தது. அடுத்த நாள் முப்பது. அப்பா என்னையும் அண்ணனையும் சாக்கு கொடுத்து அனுப்பி, ஏரிக்குள் மிதந்தது, கரையில் கிடந்தது எல்லாவற்றையும் பொறுக்கச் சொன்னார். கோரைக்குள் ஒளிந்து கிடந்ததைக்கூடத் தேடி எடுக்கச் சொன்னார். நாற்றம் தாங்காமல் அண்ணன் வாந்தி எடுத்தான். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு, அன்றைக்கே கூட்டத்தை வேறு ஊருக்கு ஓட்டினோம். "செத்தது தண்ணியில கெடந்தா உசுரோட இருக்கறதையும் இழுத்துக்கும்" என்று அப்பா சொன்னார். எனக்கு அது ஏதோ சாங்கியம் என்றுதான் இத்தனை நாள் நினைப்பு.

எங்களுக்கு நடந்தது இதே நோயா தெரியாது, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் மிட்வேயில் யாரோ ஒருவர் சாக்கோடு நடக்கிறார் என்றால் அந்த நடை எனக்குத் தெரியும்.

---

வன்னித்தாரா · திங்கள், காலை 6:20

மேய்ச்சல்காரர் மகன், உங்கட பதிவை ரெண்டுதரம் வாசிச்சன்.

நான் வவுனியா. எங்கட பக்கம் வாத்தைத் தாரா எண்டுதான் சொல்லுவம். ஒரு கேள்வி: எலி, முயல், விதை எல்லாம் ஆக்களோடதான் போய்ச் சேருது. அப்ப லேய்சானுக்குப் போற ஆய்வாளர் மட்டும் என்னத்தைக் கொண்டுபோகாம இருப்பினம்?

---

கடல்நாரை · திங்கள், காலை 7:45

அருமையான கேள்வி. அங்கே சும்மா யாரும் கால் வைக்க முடியாது. லேய்சானும் மிட்வேயும் அடங்கிய தீவுச் சங்கிலி முழுவதும் பாப்பஹானௌமொகுவாக்கேயா என்ற கடல்சார் பாதுகாப்புப் பகுதி, 2006இல் அறிவித்தார்கள், 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. லேய்சானில் இறங்குகிறவர் போடும் துணி, செருப்பு, தொப்பி, உள்ளாடை எல்லாம் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். அதையும் 48 மணி நேரம் உறைகுளிரில் வைத்து எடுத்த பிறகுதான் தீவுக்குள். கூடாரத் துணிக்கும் அதே சட்டம். ஒரு விதை, ஒரு எறும்பு கூடத் தப்பி வரக்கூடாது என்பதற்காக.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம், ஏற்கெனவே பட்ட அடி. கொக்கிமுள் விதை கொண்ட ஒரு புல் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்து பரவிவிட்டது. அதைக் கையால் பிடுங்கிப் பிடுங்கி ஒழிக்கப் பல வருஷம் ஆயிற்று. மாதக்கணக்கில் கூடாரத்தில் தங்கி, ஒரு புல்லுக்காக.

---

தென்னந்தோப்பு · திங்கள், காலை 10:30

கடல்நாரை சொன்ன எலும்புச் சான்று எனக்குப் புதிது. பூர்வீகம் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அப்படியானால் கேள்வி இன்னும் பெரிதாகிறது. பூர்வீகம் பெரிய தீவுகள் என்றால் அங்கேயே விடலாமே? மிட்வேயும் கடலோடு கடலாகக் கிடக்கிற மணல் திட்டுதானே? அப்புறம், உலகத்து மிருகக்காட்சி சாலைகளில் லேய்சான் வாத்து ஏகப்பட்டது இருக்கிறதாமே. அதை விட்டுவிட்டுக் கடைசிக் காட்டுக் கூட்டத்தில் ஏன் கை வைத்தார்கள்?

---

கடல்நாரை · திங்கள், மதியம் 2:12

மிருகக்காட்சி சாலைகளில் இருப்பவை 1950களின் கடைசியில் பிடித்துக்கொண்டு போன சில வாத்துகளின் வழிவந்தவை. தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியது, சில இடங்களில் வேறு வாத்தோடும் கலந்துவிட்டது. ஈக்கூட்டத்துக்குள் ஓட அதற்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்பது வேறு. அதனால்தான் காட்டிலேயே பிறந்த இளசுகளாகப் பார்த்துப் பிடித்தார்கள்.

பெரிய தீவுகளில் எலி இருக்கிறது, பூனை இருக்கிறது, நாய் இருக்கிறது. கரும்புத் தோட்டத்து எலியை ஒழிக்கிறோம் என்று 1883இல் கொண்டுவந்த கீரியும் பல தீவுகளில் இருக்கிறது. கீரி பகலில் திரியும், எலி ராத்திரியில் திரியும். எலி குறையவில்லை, தரைப் பறவைகளின் முட்டைதான் போனது. அதோடு ஊர்வாத்தாக வந்து காட்டில் பரவிய மல்லார்டு. ஹவாயின் இன்னொரு சொந்த வாத்தான கொலோவா அதனோடு கலந்து கலந்து, பல தீவுகளில் தூய கொலோவா எது என்றே அடையாளம் தெரியாத நிலை. அங்கே லேய்சான் வாத்தை விட்டால் எலி தின்றது போக மிச்சம் கலப்பில் கரையும்.

மிட்வேயில் எலியை 1990களிலேயே ஒழித்துவிட்டார்கள். கடற்படை போன பிறகு வாத்துக்காக நன்னீர் ஊறுமாறு குட்டைகள் தோண்டினார்கள். அங்கே விட்ட வாத்துகள் லேய்சானில் இருந்ததை விடச் சீக்கிரம் இணை சேர்ந்தன, ஈட்டுக்கு அதிக முட்டை இட்டன. சில வருஷத்தில் 42 நூற்றுக்கணக்காயிற்று. அந்தப் பெருக்கத்துக்கு நடுவில்தான் 2008 சாவு. செத்த நூற்றைம்பது சொச்சத்தில் பெரும்பாலானவை மிட்வேயிலேயே பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும் ஐயா. கொண்டுபோகாவிட்டால் செத்திருக்காது என்கிறீர்கள், கொண்டுபோகாவிட்டால் பிறந்தே இருக்காது.

மணல் திட்டு என்று நீங்கள் சொன்னது மட்டும் முழு உண்மை. 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கத்தில் எழுந்த சுனாமி நள்ளிரவில் மிட்வேயில் ஏறியது. லட்சத்துக்கும் மேல் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போனது. குட்டைகளில் உப்புநீரும் பிணமும் நிரம்பின, வாத்தும் குறைந்தது. லேய்சானிலும் தண்ணீர் ஏறியது. ஒரே அலை இரண்டு வீட்டையும் தொட்டுவிட்டது. 2014இல் மிட்வேயிலிருந்து 28 வாத்துகளை எடுத்து குரே என்ற மூன்றாவது தீவில் விட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். அதுவும் தாழ்ந்த தீவுதான். எலியில்லாத, உயரமான ஒரு தீவு வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை.

---

அபர்டீன் பஜார் · திங்கள், இரவு 9:40

சுனாமி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள், இப்போது ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். எங்கள் தீவுக்கும் சொந்தமாக ஒரு வாத்து உண்டு, அந்தமான் கிளுவை. அந்தமானையும் பர்மாவுக்குச் சொந்தமான கோகோ தீவையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. இதற்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை. 1990களில் கோவை ஆனைகட்டி சாலிம் அலி மையத்துக்காரர்கள் எண்ணியபோது 500, 600 என்று மதிப்பிட்டார்கள்.

2004 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சிப்பிகாட் பக்கம் வயலில் கடல் வந்து நின்றது, திரும்பிப் போகவில்லை. நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரருக்கு அங்கே நெல்வயல். அவரை நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம், வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம். அவர் ரோட்டோரம் நின்று, தண்ணீருக்குள் முனை மட்டும் தெரிந்த தன் வரப்பைக் கைகாட்டி "இது என் எல்லை, அது என் தம்பி எல்லை" என்று சொன்னது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சில வருஷம் கழித்து அதே தண்ணீரில் கிளுவை வந்தது. பகலில் அலையாத்திக் காட்டிலும் சின்னத் திட்டுகளிலும் ஒண்டியிருக்கும், இருட்டும் நேரத்தில் மேய இறங்கும். செத்த தென்னை மரங்கள் மொட்டையாக நிற்கும் அல்லவா, அதன் நடுவில் சத்தமே இல்லாமல் வந்து உட்காரும். முட்டை இடுவது மரப்பொந்தில்.

இப்போது அணை கட்டிக் கடலைத் தடுத்து வயலை மீட்க வேண்டும் என்று நிலத்துக்காரர்கள் கேட்கிறார்கள். கடல்நாரை அண்ணா, இந்த இழையில் வாத்து பக்கம் நிற்பது எனக்குச் சுலபம். தாதா முன்னால் போய் நிற்கும்போது சுலபமாக இல்லை.

---

தென்னந்தோப்பு · செவ்வாய், காலை 6:50

தங்கச்சி, நானும் நிலத்துக்காரன்தான். வரப்பு தண்ணீரில் போனவன் வலியை வெளியில் இருக்கிற யாரும் அளந்து பேசக்கூடாது. அந்தப் பெரியவருக்கு இழப்பீடு கிடைத்ததா, மாற்று நிலம் கிடைத்ததா என்பதுதான் முதல் கேள்வி. அது கிடைக்காமல் "பறவைக்காக விட்டுக்கொடு" என்றால் நாளைக்கு அந்தப் பறவையைக் கல்லால் அடிக்கிறவன் அங்கேதான் பிறப்பான்.

---

அபர்டீன் பஜார் · செவ்வாய், காலை 8:15

பணம் கொஞ்சம் வந்தது அண்ணா, நிலம் வரவில்லை. தாதா 2016இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் டவுனில் கடை வைத்திருக்கிறார், பேரன் கல்லூரியில். அந்தப் பேரன்தான் இப்போது என்னோடு கிளுவை எண்ண வருகிறான்.

வேட்டையும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை, அடித்தால் சிறை என்பது பலருக்குத் தெரியாது. தெரு நாய்த் தொல்லை வேறு.

---

கடல்நாரை · செவ்வாய், காலை 9:30

தங்கச்சி, கிளுவையைக் கப்பலேற்ற வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. பல தீவுகளில், பல சதுப்புகளில் சிதறி இருக்கிறது. வட அந்தமான் பக்கம் நார்த் ரீஃப் தீவில் பெரிய கூட்டமாக அடைகிறது. லேய்சான் வாத்துக்கு ஒரு ஏரி. இதற்கு இன்னும் பல ஏரி. அது ஒன்றாகச் சுருங்குகிற வரைக்கும் காத்திருக்காமல், இருக்கிற இடங்களை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அணை விஷயத்தில் எல்லா வயலுக்கும் ஒரே பதில் இருக்காது என்று தோன்றுகிறது. மண்ணில் உப்பேறி இருபது வருஷமான தாழ்வயல், அணை கட்டினாலும் உடனே நெல்லுக்குத் திரும்புமா? எது திரும்பும், எது திரும்பாது என்று மண்ணைச் சோதித்துப் பிரித்தால் தோப்பு ஐயா சொன்ன இழப்பீட்டுக் கணக்கும் நேராகும்.

---

கால்நடை நண்பர் · செவ்வாய், மதியம் 12:05

அபர்டீன் பஜார், ஒரு விண்ணப்பம். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் சூடேறி வற்றும்போது அந்தத் தேக்கத்தில் செத்த பறவை எதையாவது கண்டால் அப்படியே விட்டுவிடாதீர்கள். உறைபோட்ட கையால் எடுத்து, தண்ணீரை விட்டுத் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். ஒன்றுக்கு மேல் கண்டால் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

---

அபர்டீன் பஜார் · செவ்வாய், இரவு 7:20

சரிங்க டாக்டர். தாதா பேரன் தம்பியிடம் சொல்லிவிட்டேன், இரண்டு சாக்கும் ரப்பர் கையுறையும் இனி வண்டியிலேயே இருக்கும்.

இன்றைக்கு மாலை போனோம். ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. தாதா கைகாட்டிய வரப்பு இப்போது தெரிவதில்லை, அந்த இடத்தில் அலையாத்திக் கன்று முழங்கால் உயரம் வந்திருக்கிறது. தம்பி பதினேழு எண்ணினான், நான் பத்தொன்பது எண்ணினேன். மறுபடி எண்ணுவதற்குள் இருட்டிவிட்டது. நாளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்புகிறோம்.